நாலு நாள் கட்டானியா

இரண்டு வாரம் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. காலிங் பெல். திறந்தால் தணிகாசலமும் அவர் மனைவி கஸ்தூரியும். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபோல்டர்.

"மேடம், புள்ள டூர் பிளான் அனுப்சிகீறான். ஆறு பக்கம். கலர் பிரின்ட் எடுத்தாந்தேன். முழுக்க இங்கிலீஷு... நீங்க அந்த ஊருக்குப் போய் வந்தவங்களாச்சே!"

போய் வந்தேன்தான். நாலு வருஷம் முன்னால், ஒரு டூர் குரூப்போடு. இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்று ஒரு தீவு. அதில் எட்னா என்கிற எரிமலை. அதன் காலடியில் கட்டானியா நகரம். பழைய கட்டடங்கள் எல்லாம் எரிமலைக் கல்லில் கட்டியவை, கருகருவென்று நிற்கும். மலை குமுறினால் மொட்டை மாடியெல்லாம் சாம்பல். இதையெல்லாம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதி வேறு தொலைத்தேன். அன்றிலிருந்து திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு நான்தான் எரிமலை எக்ஸ்பர்ட்.

தணிகாசலம் தெருக்கோடி வீடு. அவர் அப்பா செம்பரம்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். இவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தைந்து வருஷம் லேத் முன்னால் நின்றார். ஒரே மகன் பிரபு இன்ஜினீயர். கட்டானியாவில் வேலை, கல்யாணம், சொந்த ஃபிளாட். அந்த ஃபிளாட்டைப் பெற்றவர்கள் வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறார்கள். கல்யாணத்தையும் அப்படித்தான்.

இப்போது விசா வந்துவிட்டது. டிக்கெட்டையும் மகனே போட்டுவிட்டான். நாலு நாள்தான். அதற்கு மேல் அவனுக்கு லீவு இல்லையாம். கஸ்தூரி மல்லி, மிளகாய் எல்லாம் வறுத்து மீன் குழம்புப் பொடி அரைத்து வைத்திருந்தாள். "அங்க மீனு நல்லா கெடைக்குமாமே அக்கா?"

படித்துக் காட்டினேன். முதல் நாள், ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸி, ஹோட்டல், ஓய்வு. இரண்டாம் நாள், கைடோடு எரிமலை, ரோப் கார். மூன்றாம் நாள், மீன் மார்க்கெட், பழைய ரோமன் தியேட்டர். நாலாம் நாள், கடலோரத்தில் இன்னொரு ஊர், ராத்திரி ரெஸ்டாரன்டில் டின்னர். மறுநாள் விடியலில் ஏர்போர்ட். ஹோட்டலில் லிஃப்ட் உண்டா, பக்கத்தில் மெடிக்கல் ஷாப் எங்கே... எல்லாம் எழுதியிருந்தான். ஒரு விருந்தாளிக்கு இதைவிட அக்கறையாக யாராலும் பிளான் போட முடியாது.

கஸ்தூரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அவன் ஊடு எத்தினியாவது நாள்ல வருதுக்கா?" என்றாள்.

முதல் பக்கத்துக்குப் போனேன். ஆறாவது பக்கம் வரை மறுபடி வந்தேன். எங்கேயும் இல்லை.

"மகன் வீடுதானே... அதையெல்லாம் எழுதுவானா?" என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்!

தணிகாசலம் போனை எடுத்து மகனுக்கு வீடியோ கால் போட்டு, மனைவியிடம் நீட்டினார்.

"நைனா, நம்ம ஊட்டுக்கு எப்ப வரோம்?"

"அம்மா, ஹோட்டல் சூப்பரா இருக்கும்மா. பால்கனிலேர்ந்தே எரிமலை தெரியும்."

"அது கெடக்கட்டும்டா. நான் வந்து குழம்பு வெச்சித் தரேன்."

"இங்க ஃபிளாட் சின்னதும்மா. அவளுக்கு வொர்க் ஃப்ரம் ஹோம்... மசாலா ஸ்மெல் வேற ஒத்துக்காது. லாஸ்ட் டே டின்னருக்கு அவளும் வந்து உங்களை மீட் பண்ணுவா."

மீட் பண்ணுவாளாம். மாமனார் மாமியாரை!

அந்தப் பெண்ணைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். இவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டானா என்றே எனக்குச் சந்தேகம். பெண்டாட்டியின் மூக்கைக் காட்டிவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொள்கிற ஆண்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

"சரி நைனா... சாப்டியா?" என்று கேட்டுவிட்டு கஸ்தூரி போனை வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் மட்டும் வந்தாள்.

"அக்கா, எனக்கு முட்டி வலி, வர முடியாதுன்னு அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் குடுங்க. தமிழ்லயே போடுங்க."

"முட்டி வலிக்குதா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். புரிந்தது. 'பரவாயில்லம்மா, ஹோட்டல் வேணாம், நம்ம வீட்டுலயே தங்கு' என்று அவன் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இந்த வலி.

நானும் எழுதுகிறவள் இல்லையா? அவன் நுழைவதற்கு வழி விட்டே அவள் போனில் டைப் செய்தேன். 'அம்மாவுக்கு முட்டி வலி. ஹோட்டலில் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. அதனால் வரவில்லை.' இதற்கு ஒரு மகன் வேறென்ன பதில் சொல்லிவிட முடியும்?

டீ போட எழுந்தேன். பால் பொங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. 'ஓகே மா. ரெஸ்ட் எடுங்க. ரெண்டு டிக்கெட்டையும் கேன்சல் பண்ணிடறேன்.' பக்கத்தில் ஒரு கட்டை விரல்.

கஸ்தூரி அந்தக் கட்டை விரலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம்க்கா... புள்ளைக்கு எவ்ளோ நிம்மதி பாருங்க" என்றாள். டீயை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போனாள்.

தணிகாசலத்திடமும் முட்டி வலி என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பினாரா? தெரியாது. ஆனால் தெரு முழுக்க அதையே சொன்னார். "டிக்கெட்லாம் போட்டான் மேடம், இவளுக்குத்தான் முட்டி..." என்று என்னிடமும் சொன்னார், அன்று பிளான் படித்துக் காட்டியவள் நான் இல்லை என்பது போல. நானும் தலையாட்டினேன்.

தெருவுக்கு இப்போது அதே பேச்சு. ஒருவர் தைலம் கொடுக்கிறார். ஒருவர் ஆவடியில் எலும்பு டாக்டர் அட்ரஸ் கொடுக்கிறார். 'மகன் கூப்பிட்டும் போக முடியாத கொடுமை' என்று உச்சுக் கொட்டாதவர் பாக்கியில்லை. விளைவு... கஸ்தூரி நொண்ட ஆரம்பித்துவிட்டாள். பால் வாங்கப் போகும்போது நொண்டுகிறாள். கோயிலுக்கும் நொண்டிக்கொண்டே போகிறாள்.

நேற்று காய்கறி வண்டியருகே பிடித்து நிறுத்தினேன். "இன்னும் எத்தனை நாளைக்கு இது?"

"புள்ளய யாரும் தப்பா பேசிடக் கூடாது பாருங்க..." என்றாள் மெதுவாக.

எனக்குக் கோபம் வந்தது. வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "எந்தக் கால்?" என்றேன்.

"அதான்க்கா," என்றாள், "அப்பப்ப மறந்து பூடுது."