பகலில் உறங்கியவள்

அம்மாவின் தலைமுடியில் எப்போதும் ஈயம் உருகிய புகையின் வாசனை இருக்கும். இரவு முழுவதும் ‘சால்டரிங்’ மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலை ஏழு மணிக்குக் கம்பெனி வண்டியில் மூக்கண்டப்பள்ளி வந்து இறங்கி, குளித்து, ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டிவிட்டுப் படுத்துவிடுவாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசனை போகாது. இருட்டிய அறையில் அவள் எந்தப் பக்கம் தலைவைத்திருக்கிறாள் என்பதை மூக்கே சொல்லிவிடும்.

சிமென்ட் ஷீட் போட்ட எங்கள் ‘லைன் வீடு’களில் ஒரு வழக்கம் இருந்தது. இரவு வேலை முடித்து வந்த பெண்கள், கழுத்தில் போட்டிருந்த கம்பெனி அடையாள அட்டையை, அந்த ‘டேக்’கைக் கழற்றி வெளித் தாழ்ப்பாளில் மாட்டிவிடுவார்கள். அது தொங்கும்வரை பால்காரர், கேஸ் வண்டிக்காரர், அக்கம்பக்கத்தார் என யாரும் அந்தக் கதவைத் தட்டமாட்டார்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில், அம்மாவின் உறக்கத்துக்கு நான்தான் காவல். அப்பா வேறொரு கம்பெனியில் பகல் வேலைக்குப் போய்விடுவார். எனக்குத் துணை, சத்தம் முழுவதும் குறைக்கப்பட்ட தொலைக்காட்சி. அதனால் அந்த வருடம் நான் பார்த்த படங்கள் எல்லாம் ஊமைப் படங்கள். அவற்றில் பெண்கள் நிறையத் தூங்கினார்கள். கதாநாயகன் வாயைத் திறந்து திறந்து பாடுவான், கதாநாயகி விழிக்கமாட்டாள். பக்திப் படத்தில் சாபம் வாங்கி மலர்ப் படுக்கையில் தூங்குவாள். வீட்டில் கன்னடம் பேசும் பக்கத்து வீட்டு முனிரத்தினம்மா சொன்ன கதையிலோ, தலையில் முள் தைத்த அரசகுமாரி வருடக்கணக்கில் தூங்கினாள்; முள்ளைப் பிடுங்க வேண்டியவன் வருமுன் வேறு யாராவது எழுப்பினால் அவள் கல்லாகிவிடுவாள்.

எதையும் பட்டியல் போடுவது அப்போதே என் பழக்கம். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன்: தூங்கும் பெண்ணுக்கு வாய் மூடியிருக்கும். தலைமுடி தலையணை முழுக்க விரிந்திருக்கும். ஒரு கை மார்பின்மேல் இருக்கும். நெற்றியில் பனித்துளி போல ஏதாவது மின்னும். புரண்டு படுக்கவே மாட்டாள். இதில் ஒன்றுகூட அம்மாவுக்குப் பொருந்தவில்லை. அவள் வாயைத் திறந்துகொண்டு, ஷூ அழுத்திய தழும்புள்ள கால்களை விரித்துப்போட்டு, சுவர் அதிரக் குறட்டை விடுவாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அம்மா சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டவள், வாந்தி வருவது போலிருக்கிறது என்று உப்புமாத் தட்டைத் தள்ளிவைத்தாள். “எழுந்து சாப்டுக்கறேன் பாப்பா. யாரு வந்தாலும் எழுப்ப வுடாத” என்று சொல்லிப் படுத்தாள்.

பதினோரு மணி இருக்கும். திரும்பிப் பார்த்தபோது, தொலைக்காட்சி வெளிச்சத்தில் அம்மா அழகாக இருந்தாள். வாய் மூடியிருந்தது. முகம் வெளுத்து, வேலைக் களைப்பெல்லாம் துடைத்துவிட்டது போலத் தெரிந்தது. நெற்றியிலும் மேலுதட்டிலும் துளித்துளியாக வியர்வை மின்னியது. அசைவே இல்லை. நோட்டை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். இரண்டுதான் குறைந்தன. சீப்பை எடுத்து, எழுப்பிவிடாமல், ஈரமாக ஒட்டியிருந்த முடியை வாரித் தலையணையில் விரித்தேன். கையைத் தூக்கி மார்பில் வைத்தேன். கை சில்லென்று இருந்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இடையில் வாசலில் முனிரத்தினம்மாவின் நிழல் தெரிந்தது. நான் எழுந்துபோய் உதட்டில் விரலை வைத்துத் தாழ்ப்பாளில் தொங்கிய டேக்கைக் காட்டினேன். திரும்பிப் போய்விட்டாள். துணி துவைத்து முடித்தவள், அரைமணி நேரம் கழித்து ஈரக் கையோடு மறுபடியும் வந்தாள்.

“உங்கம்மா தூங்கினா எங்கூட்டுப் பாத்திரம் ஆடும். இன்னிக்கி சத்தமே காணோமே?”

“அழகா தூங்குது. எழுப்பக் கூடாது” என்றேன்.

என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்தாள். அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். உப்புமாத் தட்டையும் மாத்திரை அட்டையையும் மாறிமாறிப் பார்த்தாள். அவள் கணவருக்கும் சர்க்கரை உண்டு. அவசரத்தில் அவளுக்குத் தமிழ் வரவில்லை. “சக்கரெ தகொண்டு பா” என்றாள். சர்க்கரை டப்பாவோடு ஓடினேன். அம்மாவின் உதட்டைப் பிரித்து, ஈறில் சர்க்கரையை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், என்னைப் பார்த்ததும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நான் முடித்துக்கொண்டேன். மாலையில் தெளிந்த அம்மா, தலையைத் தடவிப் பார்த்து, வாரிவிட்டது யார் என்று கேட்டாள்.

“உம் பொண்ணுதான். கல்யாணப் பொண்ணாட்டம் சோடிச்சி வெச்சினு காவலுக்கு உக்காந்திருந்தா. என்னையே உள்ள வுடல” என்றாள் முனிரத்தினம்மா.

அம்மா சிரித்தாள். என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அந்த லைன் வீடுகளை இடித்துவிட்டு இப்போது சரக்குக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். முனிரத்தினம்மா குடும்பம் ஆனேக்கல் பக்கம் போய்விட்டது. நான் தரப் பரிசோதனைப் பொறியாளராக இருக்கும் ஆலையில் வாசலில் முகத்தைக் காட்டினால் போதும், டேக் கிடையாது. இரவு வேலைக்கு வரும் வெளிமாநிலப் பெண்கள் விடுதியில் அடுக்குக் கட்டில்களில், அவரவர் திரைக்குப் பின்னால் தூங்குகிறார்கள். யார் சத்தம் யாருக்குக் கேட்கும் என்று தெரியவில்லை. ஆலைக்குப் போகும் வழியில் குருபரப்பள்ளி தாண்டினால் சாலையோரத்தில் ஒரு மெத்தை விளம்பரம், முடி விரித்து, மார்பில் கைவைத்து ஒரு பெண் உறங்குகிறாள். அதைக் கடக்கும்போது நான் சாலையை மட்டும்தான் பார்ப்பேன்.

அன்றைய நாளைப் பற்றி அம்மாவும் நானும் பேசிக்கொண்டதே இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தவள் தானாகவே சொன்னாள்.

“அன்னிக்கி நீ தலை வாரினது கொஞ்சங்கொஞ்சம் தெரிஞ்சது. கண்ணு தொறக்க முடியல. ஒரு வாட்டி கூப்டுவ, கூப்டுவன்னு இருந்தேன்.”

குறை சொல்லும் குரல் இல்லை அது. சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் தோள் மெல்ல ஏறி இறங்கத் தொடங்கியது. நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கைவைத்தேன்.

“அம்மா.”

“ம். என்ன?”

“ஒண்ணுமில்ல. தூங்கு.”