மதகை விட்டு ஆடப் போன ஏழு பேர்

அன்று சடுகுடுக் கோட்டுக்குள் இருந்தவர்கள் ஏழு பேர்: கேப்டன் அண்ணன், என் மச்சான், சங்கத் தலைவரின் மகன்கள் இருவர், வண்டியோட்டும் சித்தப்பா, டீக்கடைக்காரர், நான். ஏழு பேருக்கும் பண்ணையார் கொடுத்த நீலப் பனியன். என்னுடையதில் நாலாம் எண். அது இன்றும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

ஆட்சி மாறிய புதிது. ஊர்ச் சுவரெல்லாம் சமத்துவம் எழுதியிருந்தது. களத்தில் நெல் அளக்கிற மரக்கால் மட்டும் மாறவில்லை. கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டு எங்கள் தெரு அரிவாளைக் கீழே வைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. சங்கம் வைத்த கஞ்சித்தொட்டியில்தான் எல்லோருக்கும் சாப்பாடு. வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து அறுத்துவிட்டால் எல்லாம் போயிற்று. லாரி வர ஒரே வழி வாய்க்கால் மதகு. சடுகுடு ஆடுகிறவர்கள் கையில் பிடி இருக்கும் என்று சங்கம் அங்கே காவல் நிறுத்தியதும் எங்கள் ஏழு பேரைத்தான்.

அந்த நேரம் பார்த்துக் குத்தாலம் சாலைத் தோப்பில் பண்ணையார் பந்தயம் வைத்தார்.

"அவரு பந்தயத்துல நாம ஆடலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"வெளையாட்டுல அரசியல் பேசாதடா. கோட்டுக்குள்ள பண்ணையாரும் கெடையாது, கூலியாளும் கெடையாது" என்றார் கேப்டன் அண்ணன். "பரிசு எரநூத்தம்பது ரூவா. கஞ்சித்தொட்டிக்கு ஒரு வாரத்து அரிசிடா."

"மதகுல யாருண்ணே நிப்பா?"

"கீழத்தெரு பசங்கள்ட்ட சொல்லிட்டேன். ஒனக்குக் கயிறக் காட்டுனாலே பாம்புன்னு காய்ச்சல் வந்துரும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். நான் ஆறாவதோடு நின்றவன், அவர் எஸ்.எஸ்.எல்.சி. என் பயம் எனக்கே வெட்கமாகிவிட்டது. மதகுக்குப் போய் ஒரு எட்டு பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பந்தயம் நாள் முழுக்க நடந்தது. தெருவே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. கடைசிச் சடுகுடுப் பாட்டின்போது தூரத்தில் லாரி உறுமுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். "கோட்டப் பாருடா!" என்று கேப்டன் அண்ணன் அதட்டினார். பார்த்தேன். ரெண்டு புள்ளியில் ஜெயித்தோம். கோப்பையையும் பணக் கவரையும் பண்ணையார் அவர் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது மதகில் ஒரு ஆள்கூட இல்லை. கீழத்தெருப் பையன்கள் எங்களோடுதான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "எங்கள யாரு நிக்கச் சொன்னா?" என்றார்கள். வயலில் தாள்தான் மிச்சம். கதிர்க்கட்டெல்லாம் களத்துக்குப் போய்விட்டிருந்தது. நான் கேட்டது கட்டேற்றிய கடைசி நடை லாரி. மறுநாள் பழைய கூலிக்கே இறங்கினோம்.

அரிசி வாங்கி வருகிறேன் என்று கவரோடு தஞ்சாவூர் பஸ் ஏறிய கேப்டன் அண்ணன் வரவேயில்லை. விளையாட்டு வீரர் என்று அவருக்குக் காக்கி உடுப்பு வேலை கிடைத்ததும், சிபாரிசுக் கடிதம் பண்ணையார் கொடுத்தது என்பதும் பிறகு தெரிந்தது. பண்ணையார் செய்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை, அவர் அப்படித்தான். கேப்டன் அண்ணனோ எங்கள் தொட்டிக் கஞ்சியில் பதினோரு நாள் பசியாறியவர்.

போன வாரம் பேரன் கூட்டாளிகளோடு வந்து புது ஜெர்சி காட்டினான். அதன் மார்பில், வயலை வாங்கி மனைக்கட்டு போட்டு விற்கிறவரின் படம்.

"யாரு குடுத்தா என்ன தாத்தா? ஸ்போர்ட்ஸ்ல எதுக்கு பாலிடிக்ஸ்?"

"மேட்ச் என்னைக்கு? அன்னைக்கு ஊர்ல வேற என்ன நடக்குது?" என்றேன்.

அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. பெட்டியைத் திறந்து நாலாம் நம்பர் பனியனை எடுத்து அவன் மடியில் போட்டு, நடந்ததைச் சொன்னேன். கஞ்சித்தொட்டிக்கு வரவேண்டிய பாக்கி இன்னும் அப்படியே நிற்கிறது: இருநூற்றைம்பது ரூபாய்.