யாங் சாங்சிக்கின் செத்துப்போன அம்மா

ஜேஜூ தீவில் நாள் வாடகைக்குக் கார் ஓட்டும் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கதை உண்டு. எரிமலை, அருவி, ஆரஞ்சுத் தோட்டம் என்று எல்லோரும் காட்டுவது ஒரே இடங்களைத்தான், கதையில்தான் பிழைப்பு. சாங்சிக்கின் கதை, அவன் அம்மா. மூச்சடக்கிக் கடலில் முங்கி, நத்தையும் கடல் அட்டையும் எடுத்து அவனை வளர்த்தவள், ஒரு பனிக்காலக் காலையில் முங்கியவள்தான், மேலே வரவேயில்லை. கடற்கரைச் சாலையில் வண்டியை மெதுவாக்கி, குரலைத் தாழ்த்திச் சொல்வான். பின்சீட்டில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

அம்மா கோ மால்சுன் எழுபத்திரண்டு வயதிலும் கீழ்க்கரையில் தினமும் முங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் மட்டும் சாங்சிக் சவாரி போகமாட்டான். "இன்னைக்கு எத்தனை தடவைடா கருமாதி?" என்று நான் கேலி செய்வேன். சிரித்தேனே தவிர ஒருநாளும் கண்டிக்கவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

அன்று அவன் வண்டியில் சியோலிலிருந்து ஒரு அம்மாளும் அவள் தங்கையும். கதையைக் கேட்டுத் தேம்பிய மூத்தவள், அம்மா முங்கிய கடலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாளாம். மறுக்க வழியில்லை. மூன்று மணி வரை முங்கும் பெண்கள் தண்ணீரில்தான் இருப்பார்கள் என்று சாங்சிக் கணக்குப் போட்டிருக்கிறான். காற்று கிளம்பி, அவர்கள் சீக்கிரமே கரையேறிவிட்டது அவனுக்குத் தெரியாது.

என் சவாரியோடு நானும் அங்கேதான் இருந்தேன். பாறை ஓரம் ரப்பர் உடையோடு உட்கார்ந்து மால்சுன் நத்தையை நறுக்கிக்கொண்டிருந்தாள். சியோல் அம்மாள் நேரே அவளிடம்தான் போனாள். பின்னால் வந்த சாங்சிக்குக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சம்சுன், ஒரு தட்டு நத்தை குடுங்க" என்றான்.

ஆணோ பெண்ணோ, ஊரில் மூத்தவர் யாரையும் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பெற்றவளை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. மால்சுன் நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். அதற்குள் அந்த அம்மாள், பாவம் இந்த டிரைவருடைய அம்மாவும் இங்கேதான் மூழ்கிப் போனாளாம், உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டாள்.

கத்தி நின்றது.

"தெரியும்மா" என்றாள் மால்சுன். "என் கூடவே முங்கினவதான்."

இருந்ததில் பெரிய நத்தையாக எடுத்து, எழுந்து வந்து, அவன் வாயருகே நீட்டினாள்.

"சாப்பிடுங்க டிரைவர். தாயில்லாப் புள்ள."

அந்த 'சாப்பிடுங்க' எனக்கே சுருக்கென்று தைத்தது. சாங்சிக் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. காதுவரை சிவந்து கூனிக்குறுகி நின்றான்.

சியோல் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தாள். ஊருக்குப் போனதும் புத்தர் கோயிலில் அவன் அம்மா பேருக்கு விளக்கேற்றப் போவதாகச் சொல்லி, பேரைக் கேட்டாள்.

மால்சுன் மகன் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள். அப்போதாவது உண்மையைச் சொல்வான் என்று நினைத்தாளோ என்னவோ. நானும் நினைத்தேன். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"கோ மால்சுன்னு எழுதிக்குங்க" என்றாள் அவளே. "கொஞ்சம் பெரிசாவே எழுதுங்கம்மா."

அந்த அம்மாள் பெரிசாகவே எழுதிக்கொண்டாள்.