இடப்பக்கத்து ஸ்பீக்கர்

மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எங்கோஸ் இசைத்தட்டின்மேல் முள்ளை இறக்குவார். இறக்கியதும் விடுவிடுவென்று நாற்காலிக்குப் போய்விட வேண்டும். முதல் சொல் வரும்போது நின்றுகொண்டிருந்தால் அந்தப் பாட்டு கணக்கில் சேராது. எழுந்துபோய் மறுபடி வைப்பார். அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

பாண்டுங்கில், சிஹாபிட் சந்தைக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். தெருவே அவரை அண்ணன் முறை வைத்துக் ‘காங்’ என்று கூப்பிடும். மனைவி இமாஸும் அப்படித்தான்; அவளை அவர் செல்லமாக ‘நெங்’ என்பார். வண்டி வந்தால் முறுக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் குந்தி, கண்ணை மூடிக்கொள்வார். கோளாறு எது என்று காதுதான் அவருக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. நகக்கண்ணில் கிரீஸ் போகும்வரை கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு இசைத்தட்டுகளைத் தொடுவார். இமாஸ் பொரித்த தாகு சோயாக்கட்டியும் இஞ்சித் தண்ணீரும் கொண்டுவந்தால், தள்ளி வை என்று புருவத்தாலேயே சொல்வார்.

போன மாதம் புதுக் கார்ட்ரிட்ஜ் வாங்கினார். முள்ளைப் பிடித்துக்கொண்டு தட்டிலிருந்து ஒலியை எடுக்கிற சின்னஞ்சிறு பெட்டி அது. பழையது மழுங்கிப்போய், எல்லா வாத்தியமும் நடுவில் ஒன்றாகக் குழைந்து வந்தது. புதியதில் ஒவ்வொன்றும் தன் இடத்தில் தனியாக நிற்கும் என்று இசைத்தட்டுக் கடை உந்தாங் சொல்லியிருந்தான்.

உண்மைதான். வலப்பக்கத்துப் புல்லாங்குழல், வாசிப்பவனின் மூச்சோடு சேர்ந்து வந்தது. இடப்பக்கத்துத் தந்தி வாத்தியம் மட்டும் அடுத்த வீட்டில் யாரோ மீட்டுவதுபோல மெலிந்து கேட்டது. கழற்றி மாட்டினார். முள்ளின் எடையைச் சரிபார்த்தார். அப்படியேதான் இருந்தது.

கார்ட்ரிட்ஜைத் துணியில் சுற்றிக்கொண்டு உந்தாங்கிடம் போனார். அவன் தன் பிளேயரில் மாட்டிப் போட்டுக் காட்டினான்.

“ரெட்டைப் புள்ளைங்க அழற மாதிரி ரெண்டு பக்கமும் சமமாத்தான வருது, காங். இதுக்கு மேல என்ன வேணும்?”

சந்தை இரைச்சலில் எங்கோஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் பிளேயரின் சிவப்பு வயரையும் வெள்ளை வயரையும் இடவலம் மாற்றிச் செருகினார். கோளாறு கார்ட்ரிட்ஜில் இருந்தால் அது வலப்பக்கம் போக வேண்டும். தந்தி வாத்தியம் வலப்பக்கம் வந்து கணீரென்று பேசியது. இடப்பக்கம் போன புல்லாங்குழல்தான் இப்போது நோஞ்சானாகிவிட்டது. வாத்தியங்கள் இடம் மாறின, கோளாறு மாறவில்லை. ஸ்பீக்கர்களை மாற்றி வைத்தார். தெரிந்தவரிடம் ஆம்ப்ளிஃபயர் இரவல் வாங்கிப் பார்த்தார். திரைச்சீலையைச் சந்தேகப்பட்டார். அலமாரியை நகர்த்தினார்.

“சுவரையும் இடிச்சுப் பாத்துருங்க, காங்,” என்றாள் இமாஸ்.

கடைசியில் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிட்டுத் தட்டை வைத்தார். மாட்டும்போது தவறிய திருகாணி ஒன்று நாற்காலிக்குப் பின்னால் உருண்டு கிடந்தது. அதை எடுக்க ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். தந்தி வாத்தியம் கணீரென்று கேட்டது. புல்லாங்குழல் வற்றிப்போயிருந்தது. திரும்பினார், புல்லாங்குழல் உயிர்பெற்றது, தந்தி மெலிந்தது. மறுபடி திரும்பினார். அவர் முகம் திரும்பத் திரும்பக் கோளாறும் கூடவே திரும்பியது.

திருகாணியைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு வலது காதை உள்ளங்கையால் பொத்தினார். பாட்டு எங்கேயோ கிணற்றுக்குள் இறங்கிப் போயிற்று. கையை எடுத்தார், வந்தது. பொத்தினார், போயிற்று. நாளைக்குப் பட்டறையில் வண்டியை முறுக்கச் சொல்லிவிட்டு ஒற்றைக் காதோடு குந்தியிருக்கப்போகிற ஆள் யார் என்று அவருக்கே சட்டென்று விளங்கவில்லை.

இமாஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நெங், இங்க வந்து உக்காரு,” என்றார்.

“அதுலயா?” ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“இடது பக்கம் என்ன கேக்குது, சொல்லு.”

அவள் கொஞ்சம் கவனித்தாள். “தந்தி மீட்டுறாங்க. கூடவே ஒரு ஆளு கட்டையில வெரலால தட்டுறான். இப்ப தொண்டையச் செருமினான்.”

“செருமினானா?”

“ஆமா. உங்களுக்குக் கேக்கலையா?”

அவர் பிளேயரிடம் போனார். முள்ளைத் தூக்கித் தட்டின் தொடக்கத்தில் வைத்தார். அவள் எழப்போனபோது தோளைத் தொட்டு உட்கார வைத்தார். அவள் காலடியில், தரையில் சம்மணம் போட்டு அமர்ந்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காதை இடப்பக்கத்து ஸ்பீக்கருக்கு நேரே நீட்டிக்கொண்டார்.