பிடிக்காத பொட்டலம்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டிய பலகாரக் கடையில் நிற்கிறோம். போன வருடம் கொடைக்கானல் மலைப்பாதையில் மரம் விழுந்து, ஆறு மணி நேரம் காருக்குள் பட்டினி கிடந்தோம். அதிலிருந்து வண்டியில் எப்போதும் தீனி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். வெயிலில் உருகக் கூடாது, சீக்கிரம் கெடவும் கூடாது. கடலைமிட்டாயைக் காட்டுகிறேன். என் கணவரின் முகம் மலர்கிறது.

அதைக் கடைக்கார பாய் கவனித்துவிடுகிறார். "கெடாதும்மா, ஆனா மிஞ்சாது. சாருக்கு எது புடிக்காது, அதச் சொல்லுங்க."

"வறுத்த கொண்டைக்கடலை," என்கிறேன் உடனே.

"அம்புட்டுதான்!" ஒரு கிலோ கட்டுகிறார். "நம்ம வண்டில பேரீச்சம்பழம். நோன்பு தொறக்கைல ஒண்ணு திம்பேன், அதுக்கு மேல எனக்கு எறங்காது. அதான் அப்புடியே கெடக்கு."

சிரித்துக்கொண்டே கிளம்புகிறோம். நான்தான் ஓட்டுகிறேன். செம்பட்டியைக்கூட இன்னும் தாண்டவில்லை, பக்கத்து இருக்கையில் கறுக் முறுக்கென்று சத்தம்.

"உங்களுக்குத்தான் இது புடிக்காதே?"

"ஆபத்துன்னா இதத்தானே திங்கணும்?" இன்னொரு கை அள்ளுகிறார். "இப்பவே பழகிக்கிறேன்."