குப்பம்மாள் வீட்டுக் கோடாலி

புதூர்நாட்டுப் புளிக் கொட்டகையில் செந்தாமரை புளி தட்டுவதில்லை. தட்டுகிறவர்களுக்குக் கதை வாசித்துக் காட்டுவாள். அவள் பங்குப் புளியை மற்ற பெண்கள் ஓடு நீக்கி, கொட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டாவது படித்தவளுக்கு மலையில் கிடைத்த ஒரே நல்ல வேலை இதுதான் என்று அவளே சொல்வாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அவள் ஒரு நாவல் வாசித்தாள். அதில் வரும் மலைக்காரன் ஏஜென்ட் பேச்சை நம்பி வெளியூருக்குச் சோறாக்கப் போவான். அங்கே செம்மரம் வெட்டும் கும்பலோடு சேர்த்துப் பிடிபடுவான். அவன் முகம் எப்படி என்று எழுத்தாளர் ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் கேட்ட ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த முகத்தை வைத்துக்கொண்டாள். குப்பம்மாள் வைத்தது தன் புருஷன் சுப்பிரமணியின் முகத்தை. அவனும் அப்படிப் போய்ப் பிடிபட்டவன்தான். ஜாமீன் கையெழுத்துக்கு ஆளில்லாமல் நான்கு வருடமாக உள்ளே இருக்கிறான். மலைக்காரன் என்றாலே மரம் வெட்டுகிறவன் என்று முடிவு கட்டியவர்களுக்குச் சாட்சி எதற்கு?

பிறகு அந்த நாவல் படமானது. சோறாக்குகிறவன் கதாநாயகனாக இருந்தால் டிக்கெட் விற்காது போலிருக்கிறது. தோளில் கோடாலியைக் கொடுத்து, பனிக்குள் நடக்கவிட்டு, பத்துப் பேரை அடிக்க வைத்தார்கள். மலையே செல்போனில் பார்த்துக் கைதட்டியது. "நம்மாளு" என்று பெருமை வேறு. செந்தாமரை கைதட்டவில்லை. நம்மை அழகாகக் காட்டுகிறவன்மேல்தான் அவளுக்குச் சந்தேகம் கூடுதல்.

இந்த மாசியில் பெண்கள் அதே நாவலை மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாம் பக்கத்திலேயே பூங்கோதை மறித்தாள்.

"கோடாலி எங்கடி? முழுங்கிட்டியா?"

"புக்குல கோடாலியே இல்லக்கா."

"அப்போ இது வேற கதை. மூடி வை."

எல்லாரும் சிரித்தார்கள். குப்பம்மாள் சிரிக்கவில்லை. "புக்குலதான் தப்பு. எங்க வூட்டுக்காரரும் கோடாலியத் தோள்ல போட்டுக்கினுதான் கெளம்புனாரு. பனியில நடந்து போனது இப்பவும் கண்ணுல நிக்குது."

செந்தாமரை புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். திங்கட்கிழமை குப்பம்மாள் கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறாள். சுப்பிரமணி வீட்டிலிருந்து என்ன எடுத்துப் போனான் என்பதுதான் அங்கே கேள்வியே. இந்த ஒரு வாக்கியம் போதும், அவனை உள்ளேயே வைக்க.

"பனியா? அவரு போனது சித்திரையிலக்கா."

"எனக்குத் தெரியாதா? நீயா கூட வாழ்ந்த?"

குப்பம்மாள் பொய் சொல்லவில்லை. ஆபத்தே அதுதான். செந்தாமரை தன்னையே சோதித்துப் பார்த்தாள். முதல் வாசிப்பில் தான் வைத்திருந்த முகம் எது? அப்போது வந்தேயிராத படத்தின் நடிகன் முகம்தான் வந்தது. தன் கண்ணையே நம்ப முடியாவிட்டால் எதை நம்புவது? புத்தகத்தை மூடினாள்.

"அக்கா, காலையில வெறகு எதுல பொளந்த?"

"கோடாலியில."

"எந்தக் கோடாலி?"

"இன்னா கேள்வி இது? வூட்ல கீறது ஒண்ணே ஒண்ணு. அவரு பிடி போட்டு வெச்ச..."

குப்பம்மாள் நிறுத்தினாள். கையிலிருந்த புளியைக் கீழே வைத்தாள்.

"அன்னவெட்டி," என்றாள். "எங்கம்மா குடுத்த, சோறு அள்ளற பெரிய அன்னவெட்டியத்தான் எடுத்துக்கினு போனாரு. நான் எதுல சோறு போடறதுன்னு சண்ட கூடப் போட்டேன்."

திங்கட்கிழமை அரசு வக்கீல் சிரித்துக்கொண்டே கேட்டார். "படத்துல வர்ற மாதிரி கோடாலியோடதானேம்மா போனாரு?"

"படத்துல போனவரு வேறங்க. எங்க வூட்டுக்காரரு அன்னவெட்டியோட போனாரு. கோடாலி வூட்லதான் கீது. கொண்ணாந்து காட்டவா?"

அவர் உட்கார்ந்துகொண்டார். டைப் அடித்த தாளைக் கைநாட்டுக்கு நீட்டினார்கள். குப்பம்மாள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஜீப்பில் வரும்போது செந்தாமரை நாலு தடவை சொல்லிக் கொடுத்திருந்தது அதைத்தான்.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க சாமி. கேட்டுட்டுத்தான் வெப்பேன்."