பக்கத்தம்மா

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பேச்சு வராது. மணிச் சத்தம் கேட்டால் மிரண்டு வாசலுக்கு ஓடிவிடுவாள். அவளுக்கென்று வந்த உதவியாளரைப் பிள்ளைகள் பக்கத்தம்மா என்பார்கள். முட்டி வலியோடு அந்தச் சின்ன பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மணி அடிப்பது என் வேலை. பக்கத்தம்மா சிறுமியின் காதுகளைப் பொத்திக்கொண்டு ஜன்னல் வழியே தலையசைத்த பிறகுதான் அடிப்பேன்.

உதவியாளர் தேவையா என்று பார்க்க ஒரு நாள் அதிகாரி வந்தார்.

"இன்னிக்கு மட்டும் பொத்தாதீங்கக்கா. அது ஓடுறத அவரு பாக்கட்டும்," என்றேன்.

"புள்ளைய அழவிட்டுட்டு எனக்குச் சோறு எறங்குமா? போய் மணிய அடி, தம்பி."

அவர் காதுகளைப் பொத்தித் தலையசைக்க, நான் மணி அடித்தேன். சிறுமி அசையாமல் இருந்தாள். "நல்லாத்தானே இருக்கா? இதுக்கெதுக்குத் தனியா ஒரு ஆளு?" என்றார் அதிகாரி. அடுத்த வாரமே பக்கத்தம்மாவை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள்.

அதன்பின் அடித்த முதல் மணிக்கே சிறுமி சாலைவரை ஓடினாள். டீச்சர் மற்றப் பிள்ளைகளை விட்டு எழுந்து வருவதற்குள் ஒரு லாரி அவளை உரசிக்கொண்டு நின்றது. ஆண்டவன் காப்பாற்றினான்.

மறுநாள் அவள் அம்மா வந்து பையை வாங்கிக்கொண்டாள். "படிப்பு வேணாம்ணே. உசுரோட வீட்டுல இருக்கட்டும்."

இப்போது ஜன்னலைப் பார்க்காமலே மணி அடிக்கிறேன்.